குழாயில் நலமாக இருந்த வயிறு

என் வயிற்றை நான் முதன்முதலாக நேரில் பார்த்தபோது அது என்னைவிட நன்றாக இருந்தது.

முழு வயிறு இல்லை, ஒரு துண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணாடிக் குழாயில், இளஞ்சூடான உப்புத் தண்ணீரில், கீழே ஒரு கொக்கியிலும் மேலே ஒரு நூலிலுமாகக் கட்டுண்டு நின்றது. அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் ஓயாமல் வந்தன. துண்டு சுருங்கினால் நூல் இழுபடும். நூல் இழுபட்டால் மறுமுனையில் இருக்கும் முள், உருளும் தாளில் ஒரு மேடு வரையும். நிமிடத்துக்கு மூன்று மேடு. குழாயைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். ஆய்வகத்துப் பெண் அதன் ஓரத்தை மட்டும் விலக்கி, மங்கலான பச்சை விளக்கில் எனக்குக் காட்டினார்.

"பாருங்க சார், எவ்வளவு அழகா அடிக்குது!"

பார்த்தேன். அழகாகத்தான் அடித்தது. எனக்குள் இருந்த மீதி வயிறு அப்போது காலையில் தின்ற முட்டையை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

நான் தராசுகளுக்கு முத்திரை போடுகிற அரசாங்க ஊழியன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்பார். நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன், முள்ளைப் பார்ப்பேன். அழுதவர்கள் உண்டு, குழந்தைமேல் சத்தியம் செய்தவர்கள் உண்டு. முள் என்ன சொன்னதோ அதைத்தான் எழுதினேன். அதனால் எனக்கு வைத்தியம் பார்த்த இந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின்மேல் ஆரம்பத்தில் எனக்கு மரியாதை இருந்தது. நம்மைப் போன்றவர்கள் என்று நினைத்தேன்.

என் இரைப்பையின் உள்சுவரில் ஒரு கெட்ட புள்ளி வந்திருந்தது. அதை எரிக்க அவர்களிடம் ஒரு மருந்து இருக்கிறது. கைநரம்பில் ஏற்றுவார்கள். வெளிச்சம் படும்வரை அது உடம்பில் தூங்கும். வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு, இருக்கிற இடத்தை எரித்துவிடும். இரண்டு நாள் என்னை இருட்டறையில் வைத்திருந்து, மூன்றாம் நாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, பன்னிரண்டு நிமிடம் உள்ளே சிவப்பு வெளிச்சம் அடித்தார்கள். புள்ளி போயே போய்விட்டது. அதற்கு நான் நன்றியுள்ளவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது.

வெளிச்சம் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால், அதே குழாய் வழியாக என் வயிற்றுத் தசையில் ஒரு துண்டு நறுக்கி எடுத்தார்கள். மருந்து ஏறிய, ஆனால் வெளிச்சம் படாத துண்டு. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றார்கள். மயக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மயக்கத்திலும் என் கையெழுத்து தெளிவாக இருக்கும், அது தொழில் பழக்கம்.

புள்ளி போன அன்றே பசியும் போயிற்று. பசிக்கவில்லை என்றால், வயிறாரச் சாப்பிட்டவனுக்குப் பசிக்காமல் இருப்பது போல இல்லை. வாய்க்குக் கீழே ஒரு பை தொங்குகிறது, அதில் போட்டது போட்டபடி கிடக்கிறது, அவ்வளவுதான். வலி இல்லை, எரிச்சல் இல்லை. காலைச் சாப்பாடு மாலைச் சாப்பாட்டுக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருக்கும். அலுவலகத்தில் இருக்கும் நல்ல தராசில் தினமும் ஏறி நின்றேன். எழுபத்தொன்றில் இருந்தவன் ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டேன். முள் பொய் சொல்லாது. ஐம்பதுக்குக் கீழே போனால் உடம்பு தன் தசையைத் தானே தின்ன ஆரம்பிக்கும் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டும் எனக்குப் பயம் வரவில்லை. பயமும் அந்தப் பைக்குள் விழுந்து செரிக்காமல் கிடந்தது போலும்.

என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே பழகியவள், என்னையும் அப்படித்தான் பார்ப்பாள், சொல்லாமல், ஓரக்கண்ணால்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் ஒருநாள். "முன்னெல்லாம் பசி வந்தா வீட்டுக்குள்ள நுழையும்போதே 'என் செருப்பு எங்க, என் செருப்பு எங்க'ன்னு கத்துவீங்க. கால்லயே போட்டுக்கிட்டு கத்துவீங்க. இப்ப ரெண்டு மாசமா வீட்ல சத்தமே இல்ல."

"நல்லதுதானே."

"நல்லது இல்லங்க. எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் அவளே என்னை நிறுவனத்தின் வாசலில் இறக்கிவிட்டாள். பேருந்தில்தான், வழித்தடத்தில் இருந்து ஒரு தெரு விலகி. பயணிகள் முணுமுணுத்தார்கள்.

சிவப்பு வெளிச்சம் அடித்த மருத்துவரை எல்லோரும் வெளிச்ச டாக்டர் என்பார்கள். நான் கறுப்புக் கண்ணாடி, கையுறை, அகலக் குடையோடு உள்ளே போனேன். வெளிச்சம் படக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆறு வாரத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் எனக்கு இன்னும் முடியவில்லை.

"புள்ளி போயிடுச்சு. சந்தோஷமா இருங்க," என்றார் டாக்டர்.

"வயிறு அசையலை சார்."

"வயித்துல எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

அவர் ஒரு படத்தை எடுத்து விரித்தார். வயிற்றுச் சுவரை அடுக்கடுக்காக வரைந்து, நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். "இந்தக் கோட்டுக்கு மேல எங்க பிரிவு. கீழ தசைப் பிரிவு. எங்க வெளிச்சம் ரெண்டு மில்லிமீட்டர்தான் போகும்."

"கொஞ்சம் கூடப் போயிருக்கலாமே சார். என் வயித்துச் சுவர் மெல்லிசா இருந்து..."

"எப்படிங்க போகும்? கோட்டுக்குக் கீழ போகணும்னா தசைப் பிரிவுகிட்ட முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். நாங்க வாங்கலை. அப்ப வெளிச்சம் போகலை. நாங்க ரொம்ப ஒழுங்கானவங்க. வேணும்னா கோப்பைப் பாருங்க, அனுமதி கேட்ட கடிதமே இருக்காது."

பார்த்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு கடிதம் இல்லை.

வயிற்றை அசைக்க ஒரு மாத்திரை இருப்பதாக அவரே சொன்னார். ஆனால் தசை வேலை செய்யவில்லை என்று தசைப் பிரிவு எழுதித் தந்தால்தான் அதைக் கொடுக்க முடியுமாம். அப்படித்தான் நான் அந்தக் குழாயின் முன்னால் போய் நின்றேன்.

ஆய்வகத்துப் பெண் நல்லவர். அந்தத் துண்டை அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். மணிக்கொரு முறை தண்ணீர் மாற்றுவார், சூடு பார்ப்பார், வீட்டுக்குப் போகும்முன் குழாயைத் தொட்டுவிட்டுப் போவார். வழக்கமாக இப்படித் துண்டுகள் ஒரு நாள்கூடத் தாங்காதாம். இது எழுபதாவது நாளாகத் துடிக்கிறது.

"எழுதிக்கிட்டேன் சார்," என்று தாளை நீட்டினார். *நோயாளியின் இரைப்பைத் தசை இயக்கம்: மிக நன்று.*

"இது குழாய்ல இருக்கிறதும்மா. நான் உள்ள இருக்கிறதைச் சொல்றேன்."

"புரியுது சார். ஆனா உள்ள இருக்கிறதை எப்படி முள்ளுல கட்டுறது?"

"நான் சொல்றேனே, அசையலைன்னு."

அவர் பாவமாகப் பார்த்தார். "நீங்க சொல்றது நீங்க சொல்றதுதானே சார்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். நான்தான் சொல்வேன், கடைக்காரர்களிடம். உடனே குனிந்து அந்தக் கருவியை ஆராய்ந்தேன். முள் ஒட்டிக்கொண்டிருந்தால், அளவு பிசகியிருந்தால், ஒரு வரியில் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடலாம். பின்பக்கம் முத்திரை இருந்தது. செல்லுபடியாகிற முத்திரை. ஐந்து மாதம் முன்னால் போட்டது. கீழே இருந்த தெளிவான கையெழுத்து என்னுடையது.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தசை நன்றாக இருப்பதாக முடிவு வந்துவிட்டதால், சாப்பிடாதது என் குற்றமாயிற்று. உணவுப் பிரிவிலிருந்து ஓலை வந்தது: மூன்று வேளை, ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு, தவறினால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பதியப்படும். நான் தவறினேன், பதிந்தார்கள். ஒத்துழைக்காதவர்களுக்கென்று ஒரு வகுப்பு உண்டு. பசி நினைவூட்டல் வகுப்பு. ஒரு அதிகாரி திரையில் ரொட்டி, பழம், பொரித்த மீன் என்று படம் படமாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் "ஆசையா இருக்கா?" என்று கேட்டார். மீன் நன்றாக வரையப்பட்டிருந்தது, அதைச் சொன்னேன். அவர் அதை 'முன்னேற்றம்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். நடுவில் அவருக்கே பசித்து, வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

இதற்குள் துண்டு பெரிய மனுஷனாகிவிட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அதற்குத் தனிக் கோப்பு திறந்தார்கள். ஒரே வயிற்றுக்கு இரண்டு கோப்பு எதற்கு என்று யாரோ கேள்வி எழுப்ப, என் கோப்பைத் துண்டின் கோப்புக்குள் இணைப்பாகத் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எந்தச் சன்னலில் போய் நின்றாலும் துண்டின் எண்ணைச் சொன்னால்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். நான் ஐம்பத்தாறு கிலோ ஆனேன். கடைசி இரண்டு துளையையும் தாண்டி, இடுப்புவாரில் மனைவி ஆணியால் புதுத் துளை போட்டாள். போடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நூறாவது நாளுக்கு விழா எடுத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. வாசலில் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 'விருந்தினர்', 'மருத்துவர்', 'பத்திரிகை' என்று இருந்தது. எனக்கு 'இணைப்பு' என்று இருந்தது. ஐந்தாவது வரிசையில் இடம்.

மேடை நடுவில் குழாய், கறுப்புத் துணி மூடி. பக்கத்தில் உருளும் தாள், அதைப் பெரிதாக்கிக் காட்டும் திரை. நிமிடத்துக்கு மூன்று மேடு. ஆய்வகத்துப் பெண் புதுப் புடவையில் அதன் அருகில் நின்றார், மகளை மேடையேற்றிவிட்ட தாய் மாதிரி.

இங்கேதான் ஒரு சிக்கல். விழா முழுக்கத் தசைப் பிரிவின் பெருமையாகப் போய்விட்டதே என்று வெளிச்சப் பிரிவுக்கு மனத்தாங்கல். எங்கள் பங்கு என்ன என்று வெளிச்ச டாக்டர் இயக்குநரிடம் போய் நின்றிருக்கிறார். இயக்குநர் எல்லோரையும் அரவணைத்துப் போகிறவர். துணியை விலக்கும்போது துண்டின்மேல் விழ வேண்டிய மேடை வெளிச்சத்தை வெளிச்சப் பிரிவே, தன் சொந்தச் சிகிச்சை விளக்கால் தரட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மேடையில் சிவப்பு விளக்கைத் தூக்கிவந்து நிறுத்தியதும் ஆய்வகத்துப் பெண்ணின் முகம் மாறியது. இயக்குநரிடம் ஓடினார். ஒலிபெருக்கி திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சார், அது மருந்து ஏறின துண்டு சார். இந்த வெளிச்சம் பட்டா..."

"நூறு நாள் ஆச்சேம்மா. மருந்துக்கே மறந்திருக்கும்."

"மறக்காது சார். வெளிச்சம் படுற வரைக்கும் தூங்கிக்கிட்டுதான் இருக்கும்."

"அப்ப நீங்க கோப்புல ஒரு ஆட்சேபம் எழுதி வைங்க. விழா முடிஞ்சதும் பரிசீலிக்கலாம்." பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "பெரியோர்களே! ஒரு நோயாளி வருவார், போவார். சாப்பிட்டேன் என்பார், சாப்பிடலை என்பார். மனுஷன் பேச்சை வெச்சு அறிவியல் நடத்த முடியாது. ஆனா இந்தத் துண்டு நூறு நாள்ல ஒரு புகார் சொன்னதில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளைத்தான் நம்ம நிறுவனம் எதிர்பார்க்குது!"

கைதட்டல். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதை இல்லை.

துணியை விலக்கினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் நான் குடையை விரித்து அதற்குள் ஒடுங்கினேன். விளிம்பு வழியாகத் திரையைப் பார்த்தேன். முள் இதுவரை போடாத அளவுக்குப் பெரிய மேடு ஒன்றைப் போட்டது. சபை எழுந்து நின்று தட்டியது. மேடு இறங்கியது. அதற்கப்புறம் கோடு நேராகப் போனது.

"ஓய்வெடுக்குது," என்றார் இயக்குநர்.

பத்து நிமிடம் காத்திருந்தோம். ஆய்வகத்துப் பெண் சுருங்க வைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார், தண்ணீரை மாற்றினார், குழாயை விரலால் தட்டினார். கோடு நேராகவே போனது. கடைசியில் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் உண்மையாக அழுதவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என் சொந்த வயிறுதான் செத்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நிறுவனத்தின் பெருமை நம்மை விட்டுப் பிரிந்தது. இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்."

எழுந்து நின்றோம். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அந்த அமைதியில் ஒரு சத்தம் வந்தது. நாற்காலியை இழுப்பதுபோல ஆரம்பித்து, உருண்டு, நீண்டு, கடைசியில் ஒரு கேள்வியைப் போல மேலே ஏறி முடிந்தது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. மறுபடி வந்தது. இந்த முறை என் கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே ஏதோ பிசைந்தது.

"துக்க நேரத்துல கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கலாமே," என்றார் இயக்குநர், ஒலிபெருக்கியில்.

வெளிச்ச டாக்டரிடம் போய், "சார், என் வயிறு சத்தம் போடுது," என்றேன்.

"உங்க வயிறா? இப்பத்தானே எல்லாரும் பார்த்தோம், நின்னு போச்சே. பக்கத்துல யாருக்காவது இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு நல்லதாப் போச்சு. நின்னது விழாவுல, சிகிச்சையில இல்ல. எங்க பிரிவு மேல பழி வராது."

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்தது. நூறு நாள் நடக்காததெல்லாம் நடந்தது. இரைப்பை முற்றிலும் செயலிழந்ததாகத் தசைப் பிரிவு எழுதியது. என்னை உடனே படுக்கையில் சேர்த்தார்கள். நான் கேட்டுக்கேட்டு அலுத்த மாத்திரைக்கு அனுமதி வந்தது. ஆனால் செயலிழந்த வயிற்றுக்குள் வாய் வழியாக எதுவும் போகக்கூடாது என்று விதி. அதனால் மாத்திரையும் போகக்கூடாது. அதை அலமாரியில் என் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, கட்டில் தலைமாட்டில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள்: *வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்.*

வயிறு பிசைந்துகொண்டே இருந்தது.

ஆய்வகத்துப் பெண் சிவந்த கண்ணோடு வந்தார். கையில் ஒரு படிவம்.

"சத்தம் கேட்டேன் சார். எனக்குத் தெரியும், அது உங்க வயிறுதான். நூறு நாள் பார்த்திருக்கேனே, அந்தத் தாளம் எனக்குத் தெரியாதா? ஆனா முள்ளுல வரலையே. இன்னொரு துண்டு எடுத்துக் கட்டினோம்னா எல்லாத்தையும் மாத்தி எழுதிடலாம். கையெழுத்து மட்டும்..."

நான் பேனாவைக் கையில் வாங்கினேன். குழந்தைமேல் சத்தியம் செய்த ஒரு கடைக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் படிவத்தை மடித்துக்கொண்டு போனார்.

மனைவி வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா, பாதி சாப்பிட்டு மூடியது. என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பலகையைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அவள் கண் கலங்கியது.

"இவ்வளவு நேரமா வர்றதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வழியெல்லாம் நின்னு நின்னு வந்தியா? இந்தத் திரையை யாரு இப்படிக் கோணலா விட்டது? ஒரு இடத்துலயாவது ஒரு பொருள் ஒழுங்கா இருக்கா? என் செருப்பு எங்க? என் செருப்பு எங்கன்னு கேக்கிறேன்!"

அந்தக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மூச்சுவிடாமல் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சீருடைச் சட்டையின்மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி, தலைமாட்டுப் பலகையின்மேல் தொங்கவிட்டாள். டப்பாவைத் திறந்தாள்.

"கால்லதாங்க இருக்கு," என்றாள். "செருப்போடதான் படுத்திருக்கீங்க."

ரொட்டியும் பாதி முட்டையும் இருந்தன. தின்றேன். உள்ளே போனதை வயிறு பிடித்து இறுக்கியது. வலித்தது, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வலித்தது. கூடத்தின் மறுமுனையிலிருந்து ஒரு பணியாளர் "வாய் வழியா எதுவும்..." என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். என் மனைவி திரும்பாமலே, பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டுகிற குரலில், "அங்கயே நில்லுப்பா," என்றாள். அவர் நின்றுவிட்டார்.

நான் டப்பாவின் அடியை வழித்தேன்.

"ஏன் பாதி முட்டை?" என்றேன், கோபமாகத்தான். "இன்னொரு பாதி எங்க?"